மழை இறைவனின் அருட்கொடை. நட்டம் யாருடைய பொறுப்பு?

(நமது ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

நம் மஹல்லாவின் ஏழை மாணவ மாணவியருக்குக் கல்வி உதவி வழங்கும் பொருட்டு ஒரு நிதி விழா நடத்தலாமென நிர்வாகக் குழு கருதுகின்றது. பெண்கள் தம் கைப்பக்குவத்தில் செய்த பண்டங்களையும், தைத்த ஆடைகளையும் விற்பதற்கு ஒரு மீனா பஜார், சிறுவர்களுக்கு விளையாட்டுகள், அனைவருக்கும் பிரியாணி விற்பனை என ஒரு வரைவு நம் முன் வைக்கப்பட்டுள்ளது. முயற்சி நல்லது, அல்லாஹ் அதைப் பொருந்திக்கொள்வானாக. ஆயினும் அவ்வரைவை வாசித்தபொழுது, ஒரு வினாவிற்கு மட்டும் அதில் விடை இல்லாதிருக்கக் கண்டோம். அன்றைய தினம் மழை பெய்தால் என்ன செய்வது? இந்த வினாவைக் குறித்தே இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகின்றோம்.

“மழை வராது, துஆச் செய்வோம்” என்று சகோதரர் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். அன்பர்களே, நாம் வாழ்வது தருமபுரி மாவட்டம். இராகியும் சாமையும் நிலக்கடலையும் மாவும் மழையை நம்பியே விளைகின்ற மானாவாரிச் சீமை. நம் விழாத் திடலுக்கு அடுத்த வயலில் ஒரு விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்பொழுது, நம் பந்தல் நனையக்கூடாது என்பதற்காக மழையே வேண்டாம் என்று கையேந்துவது அழகாகுமா? மதீனாவில் ஒரு ஜும்ஆ நாளில், வறட்சியால் கால்நடைகள் மடிகின்றன என்று ஒருவர் முறையிட்டபொழுது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மழை வேண்டிப் பிரார்த்தித்தார்கள். மழை ஒரு வாரம் ஓயாது பெய்தது. மறு ஜும்ஆவில், வீடுகள் இடிகின்றன என்று முறையீடு வந்தது. அப்பொழுதும் மழையே வேண்டாமென்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் மீதன்றிச் சுற்றியுள்ள குன்றுகளிலும் ஓடைகளிலும் மரஞ்செடிகள் முளைக்குமிடங்களிலும் பொழியட்டும் என்ற கருத்துப்படவே வேண்டினார்கள். ஆகவே மழை அருள் என்ற எண்ணத்தில் மாற்றமின்றி, நம் ஏற்பாட்டைச் சீர்செய்துகொள்வதே நமக்குரிய வழி.

முதலாவதாக, நாள் குறிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் மொய் விருந்து என்றொரு வழக்கம் உண்டு. விருந்து வைப்பவர் ஊரை அழைத்து ஆட்டிறைச்சியுடன் உணவளிப்பார். வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். எழுதியவை யாவும் நோட்டில் பதியப்படும். பின்னர் அவரவர் விருந்தில் அத்தொகை திருப்பிச் செய்யப்படும். பலர் ஒன்றுசேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. தொழில் தொடங்கவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், கிணறு வெட்டவும் அப்பணம் உதவியிருக்கின்றது. இவ்விருந்துகள் பெரும்பாலும் ஆடி, ஆவணி மாதங்களிலேயே நடைபெறுகின்றன. அவ்வட்டாரத்தின் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில்தான் வரும். ஆதலால் ஆடி, ஆவணி அவர்களுக்குப் பொருந்திய காலம்.

அதைப் பார்த்து நாமும் ஆவணியில் வைத்துக்கொள்ளலாமே என்று எண்ணுவோமாயின் ஏமாந்து போவோம். நம் மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நனைவது. ஆகஸ்டு பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரை மாலை வேளை மழை நமக்குப் புதிதன்று. சித்திரை, வைகாசியிலோ சூறைக்காற்றும் இடியும் கலந்த கோடை மழை. நமக்கு வறண்ட காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். ஆனால் 2025ஆம் ஆண்டில் ரமழான் மார்ச் மாதத்தில் வந்தது. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களைக் கொண்டது. ஆகவே ரமழான் ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முன்னகர்கின்றது. 2030ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒருமுறையும், டிசம்பர் இறுதியில் மறுமுறையும் ரமழான் பிறக்கும் எனக் கணக்கிடப்படுகின்றது. அதாவது, இவ்வாண்டுகளில் நம் வறண்ட காலத்தின் ஒரு பகுதியை நோன்பு மாதம் எடுத்துக்கொள்கின்றது. பள்ளிக் கட்டணமோ ஜூனில் செலுத்தப்பட வேண்டும். ஆக, நோன்புக்கும் தேர்வுகளுக்கும் இடையில் கிடைக்கும் சில வாரங்களே நம் கையில் உள்ளன. அவற்றையும் தவறவிட்டு ஏப்ரல், மே என்று போனால் கோடை இடியோடு நாம் உடன்படிக்கை செய்துகொண்டதாகிவிடும்.

கண்ணியமிக்கவர்களே! நாள் எவ்வளவு நன்றாகக் குறித்தாலும் மழை வரலாம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடற்கரையில் அடித்த புயல்தானே, நமக்கென்ன என்று இங்கே பலர் இருந்தனர். வலுவிழந்து உள்நாட்டின் மீது மெல்ல நகர்ந்த அந்தப் புயல்சின்னம், டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. நம் அரூரிலும் 30 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வாகனங்களை வெள்ளம் அடித்துச் சென்றதை நாமெல்லாம் படங்களில் கண்டோம். கடலிலிருந்து தொலைவில் இருக்கின்றோம் என்ற ஆறுதல் அன்றோடு போய்விட்டது.

இரண்டாவதாக, உயிர்ப் பாதுகாப்பு. இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

2019ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, இராஜஸ்தான் மாநிலம் பார்மர் மாவட்டம் ஜசோல் என்னும் ஊரில் ஒரு சமயச் சொற்பொழிவு நடந்துகொண்டிருந்தது. திடீரென வீசிய சூறைக்காற்றிலும் மழையிலும் பெரும் பந்தல் சரிந்தது, மின்சாரமும் பாய்ந்தது. 10க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் நன்மையை நாடி வந்து அமர்ந்திருந்தவர்கள். நோக்கம் நல்லது என்பதற்காகக் காற்று பந்தலை விட்டுவைப்பதில்லை.

ஐங்காலத் தொழுகையின் ஜமாஅத்தைவிட நம் விழா சிறந்ததா? மழையும் குளிரும் மிகுந்த இரவுகளில், இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஅத்தினுக்குக் கட்டளையிட்டதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வாறே அறிவிக்கச் செய்தபொழுது மக்கள் வியப்படைந்தனர். தம்மைவிடச் சிறந்தவரான நபியவர்களே இதைச் செய்திருக்கின்றார்கள் என்றும், சேற்றிலும் வழுக்கலிலும் மக்களை நடக்கவைத்துச் சிரமப்படுத்தத் தாம் விரும்பவில்லை என்றும் அவர்கள் விளக்கம் தந்தார்கள். கடமையான ஜும்ஆவுக்கே சேற்றை எண்ணிச் சலுகை இருக்குமாயின், சமோசா விற்பனைக்கு இல்லாமற் போகுமா?

எனவே விழாவை நடத்துவதா, தள்ளிவைப்பதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மூவர் கொண்ட குழுவிடம் இருக்கட்டும். அவர்களில் ஒருவர் மின்பணி அறிந்தவராகவும், ஒருவர் சகோதரிகளின் சார்பாகப் பேசக்கூடியவராகவும் இருத்தல் நலம். முதல் நாள் அஸருக்குப் பின் அவர்கள் கூடி வானிலை அறிக்கையைப் பார்க்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறங்களால் எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டர் முதல் கனமழை; 11.56 முதல் மிகக் கனமழை, 20.44க்கு மேல் அதிகனமழை. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நம் மாவட்டத்திற்கு இருந்தால் விழா தள்ளிவைக்கப்படும் என்று இன்றே எழுதிவைத்துவிட்டால், அன்று வாதமும் வருத்தமும் இரா. மஞ்சள் எச்சரிக்கையானால் திடலை விட்டு மதரஸாக் கூடத்திற்குள் மாற்றிக்கொள்ளலாம்.

இடி மின்னலுக்குத் தனி விதி வேண்டும். இடியோசை கேட்டவுடன் திடலில் இருப்போர் கட்டடத்திற்குள் வந்துவிட வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் கழியும் வரை வெளியேறலாகாது. புளியமரத்தடியில் ஒதுங்குவது நம் பக்கத்துப் பழக்கம். மின்னல் வேளையில் அது உயிருக்கு ஆபத்து. மின்னலை முன்னறிவிக்கும் ‘தாமினி’ என்னும் கைப்பேசிச் செயலியை இளைஞர்கள் இருவர் கவனித்துக்கொண்டிருக்கலாம். இரும்புக் குழாய்ப் பந்தலில் சீரியல் பல்புகளைச் சுற்றுவது வேண்டாம். மின்கசிவுத் தடுப்பான் இன்றி ஓர் ஒயரும் இழுக்கப்படலாகாது. பந்தலைச் சுற்றி வாய்க்கால் வெட்டுதல், அரிசி மூட்டைகளைச் செங்கல் மீது அடுக்குதல், விறகைத் தார்ப்பாயால் மூடுதல், அடுப்பைத் தகரக் கொட்டகைக்குள் அமைத்தல் ஆகியவை நம் சமையற்காரர்கள் நன்கறிந்தவை. அவர்களைக் கேட்டுச் செய்க.

மூன்றாவதாக, நட்டம். நம் உரையின் மையம் இதுவே.

மழையால் விழா கெட்டால் ஜமாஅத்திற்கு வரவேண்டிய பணம் வராது. அது ஓர் இழப்புத்தான். ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று யார் கண்ணிலும் படாமல் நிகழும். கடை போடும் சகோதரிகளுள் கணவரை இழந்தவர்கள் இருப்பார்கள். அண்டை வீட்டில் கைமாற்று வாங்கி மாவும் எண்ணெயும் இறைச்சியும் வாங்கியவர்கள் இருப்பார்கள். வளையல் கடை வைத்தவரின் சரக்கு மறுநாளும் விலைபோகும். ஆனால் சமோசாவும் பாயசமும் செய்தவரின் முதல் அன்றிரவே அழிந்துவிடும். கல்வி நிதிக்காக நடந்த விழா, அத்தாயைக் கடனாளியாக்கி, அவர் பிள்ளையின் கட்டணத்திற்கே வழியில்லாமல் செய்துவிட்டால், நாம் செய்தது என்ன? மழையால் வரும் நட்டம், அதைத் தாங்க முடியாதவர் தலையில் விழலாகாது. அதற்கான ஏற்பாடு விழாவிற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் பார்ப்போம். 30 கடைகள், கடைக்கு 2,000 ரூபாய் முதல் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் சமைத்த பண்டம் விற்பவை 10 எனில், ஒரே மாலையில் அழியக்கூடிய முதல் 20,000 ரூபாய். அப்பண்டங்களில் பாதியை முன்கூட்டியே டோக்கன் மூலம் விற்றுவிட்டால், ஆபத்துக்குள்ளாவது 10,000 ரூபாய் மட்டுமே. வசதியுள்ள பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் தருவதாக இன்றே ஒப்புக்கொண்டால் அந்தப் பத்தாயிரமும் காக்கப்பட்டுவிடும். மழை வந்தால் அப்பணம் கொண்டு மீந்த பண்டங்களை வாங்கி, மருத்துவமனையிலும் பேருந்து நிலையத்திலும் இருப்போருக்குச் சமய வேறுபாடின்றி வழங்கிவிடலாம், அது ஸதகாவாகும். மழை வராவிட்டால் அப்பணம் கல்வி நிதியில் சேரும். இவ்விரண்டு நோக்கங்களையும் கொடுப்பவரிடம் முன்னரே தெளிவாகச் சொல்லி அவர் நிய்யத்தைப் பெற்றுவிட வேண்டும்.

இதற்கு ஜகாத் நிதியைத் தொடலாகாது. ஜகாத் இன்னின்னாருக்கு உரியது என இறைவன் எட்டு வகையினரை வரையறுத்துள்ளான். பந்தல் வாடகையும் விழா நட்டமும் அவற்றில் இல்லை. ஒரு நோக்கத்திற்காகக் கொடுக்கப்பட்ட பணத்தை வேறொன்றுக்குத் திருப்புவது அமானிதத்தைப் பேணுவதாகாது.

மேலைநாட்டாரும் இந்தச் சிக்கலை அறிந்தவர்களே. இங்கிலாந்தில் தேவாலயங்களும் பள்ளிகளும் கோடையில் திறந்தவெளி நிதி விழாக்கள் நடத்துவது நெடுநாள் வழக்கம். மழையும் அங்கே நெடுநாள் வழக்கம். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ‘புளூவியஸ்’ என்ற பெயரில் மழைக்கென ஒரு காப்பீட்டை அங்கே விற்றனர். இன்ன நேரத்திற்குள் இன்ன அளவு மழை பெய்தால் இவ்வளவு தொகை என முன்கூட்டியே எழுதி, மழைமானி கொண்டு அளந்து பார்ப்பார்கள். காப்பீடு குறித்த மார்க்கச் சட்ட விவாதத்திற்குள் நாம் இப்பொழுது நுழையவில்லை. எந்நேரம், எவ்வளவு, யார் அளப்பது என்பவற்றை மழை வருமுன் தீர்த்துக்கொண்டார்களே, அந்த ஒழுங்கை நாம் எடுத்துக்கொள்ளலாம். காப்பீட்டுக்குப் பதிலாக நமக்கு அஷ்அரீ கோத்திரத்தாரின் முன்மாதிரி உண்டு. உணவு குறைந்துபோனால் அவர்கள் தம்மிடமுள்ளதை ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாய் அளந்து பங்கிட்டுக்கொள்வார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தம்மைச் சார்ந்தவர்கள் என்று பாராட்டினார்கள்.

நான்காவதாக, டோக்கன் விற்பனை.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் சில ஆண்டுகளாக ‘பிரியாணி சேலஞ்ச்’ என்றொரு முறை பரவியுள்ளது. ஏழை நோயாளியின் சிகிச்சைக்காகவோ, வீடிழந்தோருக்காகவோ இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று முன்பதிவு செய்து, குறித்த நாளில் பிரியாணி சமைத்துப் பொட்டலமிட்டு வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கின்றார்கள். 2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தபொழுது, பருவமழைக் காலத்திலேயே பல அமைப்புகள் இம்முறையில் நிதி திரட்டின. திடலும் பந்தலும் தேவைப்படாத விழாவாகையால் மழை அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. எத்தனை பேருக்குச் சமைப்பது என்பதும் முன்னரே தெரிந்துவிடுவதால் உணவு வீணாவதில்லை. நம் வரைவிலுள்ள பிரியாணி விற்பனையை முழுவதும் இம்முறைக்கு மாற்றிவிடலாம் என்பது நம் யோசனை.

ஆனால் முன்பணம் வாங்கினால் அதற்கொரு கடப்பாடு உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவிற்கு வந்தபொழுது அங்குள்ள மக்கள் பேரீச்சம்பழத்திற்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே விலை கொடுத்து வந்தனர். அவ்வாறு முன்பணம் கொடுப்போர், அளவும் எடையும் தவணையும் தெரிந்த நிலையில் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் பணித்தார்கள். நம் டோக்கனிலும் அவ்வாறே எத்தனை கிராம், எத்தனை துண்டு இறைச்சி, எந்நாள், எந்நேரம் என்பவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். விழா தள்ளிவைக்கப்பட்டால் அடுத்த நாளில் பெற்றுக்கொள்வதா, பணத்தைத் திரும்பப் பெறுவதா, நன்கொடையாக விட்டுவிடுவதா என்பதை வாங்கியவரே சொல்வார். “எப்படியும் பள்ளிவாசலுக்குத்தானே கொடுத்தார்” என்று நாமாக முடிவு செய்துகொள்ளும் உரிமை நமக்கில்லை. அவர் கொடுத்தது உணவுக்கு விலை. அதை நன்கொடையாக மாற்றும் அதிகாரம் அவர் நாவுக்கே உண்டு.

ஐந்தாவதாகவும் இறுதியாகவும் ஒன்று. விழா நாளில் வானம் தெளிவாயிருந்தாலும் மழையின் பாதிப்பு வேறு வழியில் வரலாம். மொய் விருந்தின் வட்டாரத்தையே மீண்டும் பாருங்கள். 2018ஆம் ஆண்டு கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபொழுது, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தேநீர்க் கடைக்காரர் தேநீர் மொய் விருந்து வைத்து நிவாரண நிதி திரட்டினார். அதே ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அதே வட்டாரத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. கொடுத்த மக்களே வாங்கும் நிலைக்கு ஆளானார்கள். அடுத்த ஆண்டு மொய் வரவு வெகுவாகக் குறைந்தது. தென்னை விழுந்தவரிடம் மொய் எங்கிருந்து வரும்? ஆகவே புயலோ வறட்சியோ நம் மக்களைத் தாக்கிய ஆண்டில், சென்ற ஆண்டின் தொகையை இலக்காக வைத்து எவரையும் நெருக்கலாகாது. கொடுக்க இயலாதவர் வெட்கப்பட்டு ஒதுங்கும்படியான மேடை அறிவிப்புகளையும் தவிர்த்துக்கொள்வோமாக.

அன்பிற்கினியவர்களே! சொன்னவற்றைச் சுருக்கிக் கூறுகின்றோம். நோன்பையும் தேர்வையும் கணக்கிட்டு வறண்ட காலத்தில் நாள் குறியுங்கள். தள்ளிவைக்கும் அதிகாரத்தை மூவரிடம் ஒப்படைத்து, அவர்கள் முடிவுக்கு அனைவரும் கட்டுப்படுங்கள். பிரியாணியை முன்பதிவில் விற்று வீடுகளில் சேர்ப்பியுங்கள். சமைத்த பண்டம் விற்கும் சகோதரிகளின் முதலுக்கு வசதியுள்ள பத்துப் பேர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். விழா முடிந்த அடுத்த ஜும்ஆவில் வரவு, செலவு, நட்டம் மூன்றையும் அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். நட்டத்தை மறைத்து எழுதும் கணக்கு அடுத்த ஆண்டு விழாவையும் கெடுத்துவிடும்.

அந்தப் பத்துப் பேரின் பெயரை எழுதுவதற்குச் செயலாளர் அவர்கள் நோட்டுடன் அமர்ந்திருக்கின்றார்கள். முதல் பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம். எஞ்சிய ஒன்பது இடங்கள், துஆவிற்குப் பின் இவ்விடத்தைவிட்டு நீங்கள் எழுந்து செல்லுமுன் நிரம்பிவிட வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் மாவட்டத்தின் ஏரிகளையும் கிணறுகளையும் நிரப்பும் நல்ல மழையை அருள்வாயாக! அம்மழையால் எங்களில் எளியவர் எவரும் கடனாளியாகாதபடி எங்களை ஒருவருக்கொருவர் துணையாக ஆக்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.